கண்ணில் பட்டும் கருத்தில் படாதவை

புனே நகரிலிருந்து மும்பைக்குச் செல்லும் இருப்புப்பாதையில் உள்ள ஊர் தளேகாவ். அதற்கு அருகில், இந்திராயணி ஆறு பாறைகளினூடே பாய்ந்து செல்லும் இடத்திற்குக் குண்டமளா என்று பெயர். மழைக்காலம் தொடங்கியதும் ஞாயிற்றுக்கிழமைகளில் மக்கள் திரளாக அங்கு சென்று ஆற்றின் பெருக்கைக் கண்டு களிப்பது வழக்கம். 2025-ஆம் ஆண்டு ஜூன் 15-ஆம் தேதி ஞாயிறு பிற்பகலில், அவ்விடத்தில் ஆற்றின் குறுக்கே நின்ற பழைய இரும்பு நடைபாலம், தன்மேல் கூடியிருந்த மக்களோடு இடிந்து விழுந்தது. நால்வர் உயிரிழந்தனர், பலர் காயமுற்றனர். தளேகாவுக்கு அண்மையில் சுதும்பரேயில் நிலைகொண்டுள்ள தேசியப் பேரிடர் மீட்புப் படையினரும் மீட்பு வேலையில் ஈடுபட்டனர்.

பாலம் பழுதுற்றது, அதன்மேல் செல்வது அபாயம் என்று தெரிவிக்கும் எச்சரிக்கைப் பலகை அங்கே முன்னரே வைக்கப்பட்டிருந்தது என்று அதிகாரிகள் பின்னர் தெரிவித்தனர். ஒளித்து வைத்த பலகையன்று; பாலத்திற்குச் செல்வோர் காணும்படி நாட்டிய பலகை. அப்படியிருந்தும் அன்றைய தினம் நூற்றுக்கு மேற்பட்டோர் அக்குறுகிய பாலத்தின்மீது நின்றிருந்தனர் என்றும், இருசக்கர வாகனங்களும் அதன்மேல் ஏற்றப்பட்டிருந்தன என்றும் செய்திகள் கூறின.

இத்தகைய நிகழ்ச்சிக்குப் பின் இரண்டு குரல்கள் எழுவது இயல்பு. பலகையைப் படித்தும் மதியாதது மக்களின் குற்றம் என்பது ஒன்று. வெறும் பலகையோடு நின்றது நிர்வாகத்தின் குற்றம் என்பது மற்றொன்று. ஆயினும் இவ்விரண்டிற்கும் முந்திய கேள்வி ஒன்று உண்டு. அப்பலகையை எத்தனை பேர் உண்மையிலேயே கண்டார்கள்? அன்று பாலத்தில் நின்ற ஒவ்வொருவர் மனத்திலும் என்ன நிகழ்ந்தது என்று நாம் கூற இயலாது. ஆனால் கண்ணெதிரே நிற்கும் பெரிய பொருளை நல்ல கண்பார்வை உடையவரும் காணாது போவது எங்ஙனம் என்பதைப் பற்றி மனோதத்துவ ஆராய்ச்சி கடந்த ஐம்பது ஆண்டுகளில் எவ்வளவோ தெளிவுபடுத்தியிருக்கிறது. சுவரிலும் கம்பத்திலும் அறிவிப்பு வைப்பதோடு இன்று இணையதளத்திலும் அறிவிப்பு வைக்கும் கள அலுவலர்களும் ஆசிரியர்களும் இதனை அறிந்திருத்தல் நலம்.

கண் எவ்வளவு காண்கிறது?

ஒரு கையை முழுவதும் நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். அந்நகம் மறைக்கும் அளவு இடமே நம் கண் ஒரு கணத்தில் மிகத் தெளிவாகக் காணக்கூடியது; ஏறக்குறைய 2 பாகை. அதற்கு வெளியே உள்ளவை விலகிச் செல்லச் செல்ல மங்கலாகவே தோன்றுகின்றன. ஆனால் உலகம் முழுவதும் ஒரே தெளிவோடு விரிந்திருப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கண் ஒரு வினாடிக்கு மூன்று நான்கு முறை இடம்விட்டு இடம் தாவிக்கொண்டே இருப்பதால் இந்த மயக்கம் உண்டாகிறது.

கண் எங்கே தாவுகிறது என்பதுதான் முக்கியம். சோவியத் நாட்டு ஆராய்ச்சியாளர் ஆல்பிரட் யார்பஸ் இதனை அழகாகக் காட்டினார். ரேப்பின் என்னும் ருஷ்ய ஓவியர் தீட்டிய படம் ஒன்றை ஒருவர் முன் வைத்து, அவர் கண் செல்லும் பாதையைக் கருவிகொண்டு கோடுகளாகப் பதிவு செய்தார். நீண்ட காலம் வீட்டைப் பிரிந்திருந்த ஒருவன் எதிர்பாராது திரும்பி வருவதைக் காட்டும் படம் அது. படத்திலுள்ளோரின் வயதென்ன என்று வினவியபோது பார்வை முகங்களையே சுற்றியது. அக்குடும்பத்தின் செல்வநிலை என்ன என்று வினவியபோது அதே கண் ஆடைகளையும் மேசை நாற்காலிகளையும் நாடியது. படம் ஒன்று, பார்த்தவரும் ஒருவர். கேள்வி மாறியது, பாதையும் மாறியது. யார்பஸின் நூல் 1967-இல் ஆங்கிலத்தில் வெளிவந்தபின் உலகெங்கும் இது பாடமாயிற்று.

கண் சென்ற இடத்தையெல்லாம் கருத்தும் கண்டுவிடுகிறது என்றும் சொல்வதற்கில்லை. 1999-இல் அமெரிக்காவில் டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ் என்னும் இருவர் வெளியிட்ட பரிசோதனையை வாசகர்களில் சிலர் அறிந்திருக்கலாம். சிலர் பந்தை ஒருவருக்கொருவர் எறிந்து விளையாடும் சலனப்படம் காட்டப்பட்டது. வெள்ளுடை அணிந்தோர் எத்தனை முறை பந்தை மாற்றிக்கொள்கின்றனர் என்று எண்ணுவதே பார்ப்போரின் வேலை. நடுவில் கொரில்லா வேடமிட்ட ஒருவர் அரங்கினுள் நுழைந்து, நின்று, மார்பில் அறைந்துகொண்டு, மறுபுறம் வெளியேறினார். எண்ணிக்கொண்டிருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் அவரைக் காணவேயில்லை. பின்னர் படத்தை மீண்டும் போட்டுக் காட்டியபோது, இது வேறு படமோ என்று சந்தேகித்தவர்களும் உண்டாம்.

எண்ணும் வேலை பழக்கமற்றது, அதனால் தடுமாறினர் என்று கூறலாம். தம் தொழிலில் கைதேர்ந்தவர்கள் எப்படி? 2013-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், எக்ஸ்ரே படங்களைப் பார்த்து நோயறியும் மருத்துவர்கள் 24 பேரிடம் நுரையீரலின் ஊடுகதிர்ப் படங்கள் கொடுக்கப்பட்டு, அவற்றில் சிறு கட்டிகளைத் தேடுமாறு கேட்கப்பட்டது. ஒரு படத்தில், அக்கட்டிகளைப் போல் 48 மடங்கு பெரிதான கொரில்லா உருவம் ஒன்று பதிக்கப்பட்டிருந்தது. 20 மருத்துவர்கள் அதனைக் காணவில்லை. அவ்வாறு தவறவிட்ட 20 பேரில் 12 பேருடைய பார்வை அவ்வுருவத்தின்மீதே நேராகச் சென்று பதிந்திருந்தது என்பதைக் கண்ணசைவுக் கருவி காட்டிற்று. அவர்கள் தேடியது வெண்ணிறச் சிறு கட்டி. அதற்குப் புறம்பானதை மனம் வாங்கிக்கொள்ளவில்லை.

தமிழ் இந்த வேறுபாட்டை நன்கு அறிந்த மொழி. கண்ணில் படுவது வேறு, கருத்தில் படுவது வேறு. பார்த்தேன் என்பவன் கவனித்தவன் அல்லன். ஆங்கில விஞ்ஞானக் கட்டுரைகளை மொழிபெயர்க்கும்போது சொல் கிடைக்காமல் திண்டாடுவதே பெரும்பாலும் நம் அனுபவம். இங்கே நிலைமை தலைகீழ். அங்கே நீண்ட தொடராகக் கட்டிச் சொல்வதை நம் பேச்சு வழக்கு இரண்டு சொற்களில் சொல்லிவிடுகிறது.

இணையதளத்தில் வண்ணக் கட்டம்

இனி இணையதளத்துக்கு வருவோம். 1998-இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் பென்வே என்ற பெண்மணியும் டேவிட் லேன் என்பவரும் ஒரு பரிசோதனை நடத்தினர். ஓர் இணையதளத்தைக் கொடுத்து, அதில் ஒரு குறிப்பிட்ட தகவலைத் தேடிக் கண்டுபிடிக்கும்படி சிலரைக் கேட்டுக்கொண்டனர். அத்தகவலுக்குச் செல்லும் வழியைப் பெரிய வண்ணக் கட்டத்துக்குள் பளிச்சென்று அமைத்திருந்தனர். இதனை யாரும் தவறவிடமுடியாது என்றே எவரும் எண்ணுவர். ஆனால் தேடியவர்களில் பலர் அதனைத் தவறவிட்டனர். அதே வழியைச் சாதாரண எழுத்தில், மற்ற தலைப்புகளின் பட்டியலோடு சேர்த்து வைத்தபோது எளிதில் கண்டுகொண்டனர். எடுப்பாகத் தெரியவேண்டும் என்று செய்ததே அதனை மறைத்துவிட்டது. பதாகைக் குருடு என்று அவர்கள் இதற்குப் பெயரிட்டனர்.

காரணம் என்ன? 1994-இல் இணையதளங்களில் விளம்பரப் பதாகைகள் தோன்றின. பக்கத்தின் மேற்புறத்திலும் வலப்புறத்திலும் வண்ணக் கட்டங்களுள் அவை அமர்ந்தன. அவ்விடத்தில் இருப்பவை தம் வேலைக்கு உதவாதவை என்பதை மக்கள் சில ஆண்டுகளிலேயே கற்றுக்கொண்டுவிட்டனர். யாரும் கற்பிக்கவில்லை, கண்ணே பழகிக்கொண்டது. பிறகு அதே இடத்தில், அதே தோற்றத்தில், அரசாங்க அறிவிப்பை வைத்தாலும் கண் அதனை விளம்பரத்தின் இனமாகவே தள்ளிவிடுகிறது. ஜேகப் நீல்சனின் குழுவினர் 232 பேருடைய கண்ணசைவுகளை ஆராய்ந்து 2006-இல் வெளியிட்ட முடிவும் இதற்குத் துணைசெய்வது: பெரும்பாலோர் பக்கத்தின் முதல் சில வரிகளைக் குறுக்கே மேய்ந்து, பின்னர் இடது ஓரமாகக் கீழே இறங்கிவிடுகின்றனர். வலப்புறத்தின் கீழ்ப்பகுதி ஏறத்தாழத் தரிசு நிலம்.

நம் நாட்டில் பல அரசாங்க இணையதளங்களின் முகப்பில் ஓடும் வரிகளையும், ‘புதியது’ என்று மினுக்கும் சிறு முத்திரைகளையும் காணாதவர் இலர். காணாதவர் இலர் என்று எழுதுகிறேனே தவிர, படித்தவர் எத்தனை பேர் என்பது ஐயத்துக்குரியது. ஓடும் வரியைப் படிக்க, வந்த வேலையை நிறுத்திக் காத்திருக்கவேண்டும். பத்து அறிவிப்புகள் ‘புதியது’ என்று ஒருங்கே மினுக்கினால், எது புதியது? ‘இங்கே விளம்பரம் செய்யாதீர்’ என்று எழுதிய சுவரில் சுவரொட்டிகள் வரிசையாக நிற்பதை நம் ஊர்களில் காண்கிறோம். ஓடும் வரியின் நிலையும் அதுதான்.

இதனால் விளையும் நஷ்டம் சிறிதன்று. விவசாயிகளுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணைகளில் வழங்கும் பிரதம மந்திரி கிசான் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பயனாளிகள் மின்னணு முறையில் தம் அடையாளத்தை உறுதிசெய்தல் கட்டாயம் என்று ஆக்கப்பட்டபோது, அவ்வறிவிப்பு இணையதளத்தின் முகப்பிலேயே இடம்பெற்றது. ஆனால் முகப்பைத் திறக்கும் விவசாயியின் உள்ளத்தில் இருக்கும் கேள்வி, ‘தவணை வந்ததா?’ என்பதே. யார்பஸின் படத்தைப் பார்த்தவரைப் போல, அவர் கண் அக்கேள்வியின் வழியே செல்லும். தம் நிலையைக் காட்டும் பக்கத்திற்கு நேரே சென்று, தவணை வரவில்லை என்று கண்டு, அலுவலகத்திற்கு நடந்து வருவார். அறிவிப்பு போட்டிருக்கிறதே, பார்க்கவில்லையா என்று அவரைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. தவணை வரவில்லை என்று தெரிவிக்கும் அதே வரியின் கீழ், அதே எழுத்தில், ‘அடையாள உறுதி செய்யப்படவில்லை, இங்கே செய்க’ என்று இருக்குமானால் அவர் தவறவிடமாட்டார். செய்தி ஒன்றுதான். முதலில் அது அவர் வழிக்குப் புறத்தே நின்றது. இப்போது வழியின்மேலேயே நிற்கிறது.

கைப்பேசியில் இது இன்னும் கூர்மையாகிறது. கிராமங்களில் இணையதளம் பார்ப்போர் பெரும்பாலும் கைப்பேசியில் பார்ப்பவர்களே. அலுவலக மேசையிலுள்ள கம்ப்யூட்டரின் அகன்ற திரையில் வலப்புறம் நிற்கும் கட்டம், கைப்பேசியில் பக்கத்தின் அடியில் போய் விழுந்துவிடும். அலுவலகத்தில் இருந்து அதனை அமைத்தவருக்கு அது தெரிவதில்லை. சர்க்கார் இணையதளங்கள் எப்படி அமையவேண்டும் என்பதற்குத் தேசியத் தகவலியல் மையம் 2009-இல் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. மூன்றாம் பதிப்பு 2023-இல் வந்தது. நெறிகளைக் கடைப்பிடித்தல் அவசியமே. ஆனால் தன் பக்கத்தை ஒரு சாதாரணக் கைப்பேசியில் திறந்து பார்க்க எந்த நெறியும் வேண்டியதில்லை.

மறதியால் நேரும் இக்குறையை வேண்டுமென்றே உபயோகித்துக்கொள்வோரும் உளர். பொருள் வாங்கும் தளங்களில், நாம் கேளாத காப்பீடோ நன்கொடையோ முன்கூட்டியே குறியிட்டு வைக்கப்பட்டிருப்பதுண்டு. குறி கண்ணெதிரேதான் இருக்கிறது. ஆனால் பணம் செலுத்தும் பொத்தானைத் தேடும் கண் அதனைக் கடந்துவிடும். விளம்பரம் செய்தியின் வேடம் புனைந்து நிற்பதும் இவ்வகையே. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இத்தகைய 13 தந்திரங்களைப் பெயரிட்டுத் தடைசெய்துள்ளன. வாங்குவோர் கவனமாக இருந்திருக்கவேண்டும் என்று கூறித் தப்பித்துக்கொள்ள இடமளிக்காதது அந்நெறிகளின் சிறப்பு.

எழுத்தைப் பெரிதாக்கினால் போதுமா?

அறிவிப்பை யாரும் கவனிக்கவில்லை என்றதும் நாம் செய்வது எழுத்தைப் பெரிதாக்குவது, சிவப்பு மை தீட்டுவது, இன்னொரு பலகை நாட்டுவது. இதுவரை கூறியவற்றிலிருந்து இதன் பயன் மிகக் குறைவு என்பது விளங்கும். கொரில்லா சிறிதாக இருந்ததனால் தவறவிடப்படவில்லை. இருப்புப்பாதையில் வேலை செய்வோர் இதனை நெடுங்காலமாகவே உணர்ந்திருக்கின்றனர். நம் ரயில்களில் எஞ்சின் ஓட்டுபவரும் உதவியாளரும் ஒவ்வொரு கைகாட்டியின் நிலையையும் வாய்விட்டு ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவேண்டும் என்பது விதி. ஜப்பானில் இன்னும் ஒரு படி மேலே சென்று, கைவிரலால் சுட்டியும் கூறுகின்றனர். 1994-இல் அந்நாட்டு ரயில்வே தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் செய்த சோதனையில், 100 செயல்களுக்கு 2.38 ஆக இருந்த பிழைகள், சுட்டிக்காட்டி வாய்விட்டுச் சொன்னபோது 0.38 ஆகக் குறைந்தன. கைகாட்டி பெரிதாக்கப்படவில்லை, பார்ப்பவரின் வேலை மாற்றப்பட்டது. 2020-இல் தேசிய முறையாக ஏற்கப்பட்ட ‘கவச்’ என்னும் சாதனமோ கண்ணை நம்பியே இருப்பதில்லை. கைகாட்டியின் நிலையை எஞ்சினுக்குள்ளேயே கொண்டுவந்து காட்டுகிறது, தேவையானால் தானே பிரேக் போடுகிறது.

தண்டவாளத்தைக் கடக்கும் பொதுமக்களை அவ்விதம் பயிற்றமுடியாதே என்பீர்கள். உண்மை. மும்பையின் வடாலா ரயில் நிலையத்தருகே 2009-ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய முயற்சி ஒன்று இதற்கு விடையளிக்கிறது. தண்டவாளத்தைக் கடப்பது ஆபத்து என்னும் பலகைகளுக்கு அங்கே பஞ்சமில்லை; மரணங்களுக்கும் பஞ்சமில்லை. ‘ஃபைனல்மைல்’ என்ற நிறுவனத்தினர் ரயில்வேயோடு சேர்ந்து மூன்று காரியங்கள் செய்தனர். கடப்போர் கால்வைக்கும் இடத்திலுள்ள குறுக்குக் கட்டைகள் சிலவற்றுக்கு மஞ்சள் வர்ணம் பூசினர். ரயில் அக்கட்டைகளை ஒவ்வொன்றாக விழுங்கி வருவதைக் கண்டால் அதன் வேகம் தெளிவாகத் தெரியும். கடக்கும் இடத்தில், ரயிலின் முன் அகப்பட்ட மனிதனின் அச்சம் நிறைந்த முகத்தைப் படமாக வைத்தனர். ரயிலின் ஊதலை ஒரே நீளமாக அன்றி விட்டுவிட்டு ஒலிக்கச் செய்தனர். இடையிடையே மௌனம் வந்தால்தான் காது விழித்துக்கொள்கிறது. அவ்விடத்தில் மரணங்கள் குறைந்தன என்று அறிவிக்கப்பட்டது. படிப்பதற்கென்று ஒரு சொல்கூட அங்கே சேர்க்கப்படவில்லை என்பதைக் கவனிக்க.

மின்சார ரயில் பாதையின் லெவல் கிராசிங்குகளில் சாலையின் இருபுறமும் குறுக்குச் சட்டம் ஒன்று தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். தரையிலிருந்து 4.67 மீட்டர் உயரத்தில் அது நிற்கும். அதைவிட உயரமாகப் பாரம் ஏற்றிய லாரி முதலில் சட்டத்தில் தட்டுமேயன்றி மேலேயுள்ள மின்கம்பியில் படாது. ஓட்டுநர் பலகையைப் படித்தாரா, தமிழ் தெரியுமா, மராத்தி தெரியுமா என்னும் கேள்விகளே எழுவதில்லை. பழுதுற்ற நடைபாலம் ஒன்று உங்கள் பகுதியில் இருக்குமானால், அதன் வாயிலில் ஒருவர் பின் ஒருவராகவே நுழையக்கூடிய குறுகிய தடுப்பு செய்யும் வேலையை எந்தப் பலகையும் செய்யாது. அடியோடு மூடவேண்டிய பாலமாயின் நுழைவழியில் சுவரே எழுப்பவேண்டும். விடுமுறை நாளில் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு ஆற்றைப் பார்க்க வருபவர் கண் ஆற்றின்மேல்தான் இருக்கும். குண்டமளாவில் மட்டுமன்று, எங்கும் அப்படித்தான்.

வகுப்பறையில் ஒரு சோதனை

ஆசிரியர்கள் செலவின்றி இதனை மாணவர்களுக்கு விளக்கலாம். தினமும் கையாளும் ரூபாய் நோட்டின் பின்புறத்தில் பல மொழிகளில் மதிப்பு அச்சிட்ட கட்டம் ஒன்று உண்டு. நோட்டைப் பாராமல், அதில் எத்தனை மொழிகள், தமிழ் எத்தனையாவது வரி, அதன் மேலும் கீழும் உள்ள மொழிகள் எவை என்று எழுதச் சொல்லுங்கள். கட்டத்தில் உள்ளவை 15 மொழிகள். மொழிகளின் ஆங்கிலப் பெயர்களின் அகர வரிசையில் அவை நிற்கின்றன. மராத்தி 8-ஆவது, தமிழ் 13-ஆவது, தமிழுக்கு மேலே சமஸ்கிருதம், கீழே தெலுங்கு. பெரியவர்களும் தடுமாறுவர். அமெரிக்காவில் 1979-இல் நிக்கர்ஸன், ஆடம்ஸ் என்னும் இருவர் ஒரு சென்ட் நாணயத்தைக்கொண்டு இதையே செய்தனர். நாணயத்தின் 8 அம்சங்களில் நடுத்தரமான ஒருவர் சரியாக எழுதி, சரியான இடத்தில் வைத்தது 3 மட்டுமே. இது கவனத்தோடு நினைவையும் சேர்த்துச் சோதிப்பது என்று மாணவர்களிடம் சொல்லிவிடுவது நேர்மை. ஆயினும் ஆயிரம் முறை கண்ணில் பட்டது மனத்தில் பதியவில்லை என்பதை நேரில் உணர இதனைவிட எளிய வழி இல்லை.

கள அலுவலர்களுக்கு வேறொரு சோதனை உண்டு. நீங்கள் வெளியிட இருக்கும் இணையப் பக்கத்தையோ விண்ணப்பப் படிவத்தையோ அறிவிப்புப் பலகையையோ முன்பின் பாராத ஐந்து பேரிடம் கொடுங்கள். நகல் எடுத்தவரும் மேலதிகாரியும் இவ்வைவரில் சேரார்; அவர்களுக்கு எது எங்கே இருக்கிறதென்று முன்னமே தெரியும். ‘இந்த அறிவிப்பு தெரிகிறதா?’ என்று கேட்கக்கூடாது, கேட்டவுடன் தெரிந்துவிடும். ஒரு வேலையைக் கொடுங்கள்: மகளின் கல்வி உதவித்தொகை வந்ததா என்று பார்த்துச் சொல்லுங்கள், இவ்வழியே அக்கரைக்குப் போய் வாருங்கள் என்பது போல. பிறகு பின்னால் அமர்ந்து வாய் திறவாமல் பாருங்கள். இதுதான் கடினம், அவர் விரல் சரியான இடத்தைக் கடந்து போகும்போது ‘அதோ’ என்று சொல்லிவிட நா துடிக்கும். அவர் எங்கே நின்றார், எதைத் தொட்டார், எந்த வரியைத் தாண்டினார் என்று குறித்துக்கொள்ளுங்கள். இருவர் ஒரே வரியைத் தாண்டினாலே அவ்வரி இருக்கவேண்டிய இடம் அதுவன்று. அவர்கள் விரல் அடுத்துச் சென்ற இடத்திற்கு அதனை மாற்றி, வேறு ஐவரிடம் மறுபடியும் கொடுத்துப் பாருங்கள்.